மண்டபம் நிறைந்த கைதட்டல்

எனக்குப் பழக்கமான ஒரே பாராளுமன்ற உறுப்பினர் தோற்றுப்போனதில் எனக்கும் பங்கு உண்டு. இத்தனை வருடமாக வெளியே ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் என்னதான் நடந்திருக்கிறது?

அவர் துருக்கிக்காரர். தகப்பன் நிலக்கரி வெட்ட ஜெர்மனிக்கு வந்தவர். இவர் ஒன்பது வயதில், டொச் மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து சேர்ந்தவர். நான் பெட்டி அடுக்கிய அதே தொழிற்சாலையில் மெஷின் திருத்தும் வேலை பார்த்தார். பிறகு தொழிற்சங்கம், நகரசபை, கடைசியில் பெர்லின் பாராளுமன்றம். முதல் தடவை வென்றபோது எங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து ஒவ்வொரு மேசையாகக் கைகொடுத்தார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. நீயும் கட்சிக்கு வா என்றார். எனக்குப் பிரஜாவுரிமை இல்லையே என்றேன். கட்சி அட்டைக்கு அது தேவையில்லை, வாக்குப் போடத்தான் தேவை என்றார்.

அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் அவருடையவை ஆயின. சந்தைச் சதுக்கத்தில் கட்சிக் குடையின் கீழ் நின்று பேனையும் பலூனும் கொடுப்போம். சிலர் பேனையை வாங்குவார்கள், அதில் அச்சிட்டிருக்கும் அவருடைய துருக்கிப் பெயரை வாசிப்பார்கள், திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் அவர்களின் முதுகைப் பார்த்து முறைப்பேன். அவர் அந்தப் பேனையை எடுத்து அடுத்தவருக்கு நீட்டி, காலை வணக்கம் சொல்வார். கட்சியில் எல்லாரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும். என் வாயில் அது கடைசிவரை வரவில்லை.

பிரஜாவுரிமைக்கான அன்ராக், அதுதான் விண்ணப்பப் படிவம், அதை அவரே கொண்டுவந்து தந்தார். ஊரில் போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்தப் பாஸ்போட்டை எடுத்தால் அந்தப் பாஸ்போட்டை விட வேண்டும், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று எங்கள் சனம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் சொன்னேன். படிவம் குசினி மேசையின் இழுப்பு லாச்சியில், கலியாணக் கார்ட்டுகளுக்கு அடியில் கிடந்தது. சில மாதம் கழித்து, கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு, கிடைத்துவிட்டதா என்று கேட்டார். அதற்கும் ஓம். என்ன மனிதன் நான்!

இரண்டாவது தேர்தல் வந்தது. கட்சிக்கு விழும் வாக்குகளுக்கு ஏற்ப ஆள் எடுக்கும் பட்டியலில் அவரைக் கீழே தள்ளிவிட்டார்கள். பட்டியல் வழியாகப் பெர்லினுக்குப் போக வழியில்லை. சொந்தத் தொகுதியில் நேரடியாக வென்றால்தான் உண்டு. காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் இதைச் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு வாக்கும் வேண்டும் என்றார்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா. அதே பின்னேரம், தொகுதியின் ஓரத்தில் ஒரு கிராமத்தில் தீயணைப்புப் படைக்காரரின் விழா. போன முறை அவர் மயிரிழையில் வென்ற கிராமம் அது. நேரில் போய் நின்று பியர் ஊற்றிக் கொடுத்தால்தான் அங்கே மனம் இளகும். எங்கே போவது என்று என்னைக் கேட்டார். எங்கள் மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றார். மண்டபம் நிறையும் என்றேன். அது உண்மை.

“எல்லாருக்கும் வாக்கு இருக்கிறதா?”

“எல்லாருக்கும் இருக்கு” என்றேன்.

விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் இருந்தது. ஆனால் பிரதம விருந்தினராக அழைத்த மனிதரிடம், உங்களுக்குக் கைதட்ட மட்டும்தான் எங்களால் ஏலும் என்று எப்படிச் சொல்வது? என்னுடைய விண்ணப்பக் கதையும் வெளியே வரும் என்று பயந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இங்கே ஒரு மணித்தியாலம், பிறகு கிராமம் என்பது அவர் திட்டம். அழைப்பிதழில் நான்கு மணி என்று போட்டிருந்தது. நான்கு மணிக்குச் சரியாக வந்து நின்றார். மண்டபத்தில் கதிரை போட்டுக்கொண்டிருந்த நாலு பேரும், மைக்கில் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரும்தான் இருந்தார்கள். நான்கு என்றால் ஆறு என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. போய்விட்டு வரட்டுமா என்று இரண்டு தரம் கேட்டார். விளக்கேற்றாமல் போகக்கூடாது, இந்தா தொடங்கப் போகிறோம் என்று தேத்தண்ணியும் வடையும் கொடுத்து இருத்திவிட்டேன். ஆறேகாலுக்கு விளக்கேற்றினார். மாலை, பொன்னாடை, வரவேற்பு நடனம். அவர் ‘வணக்கம்’ என்று தொடங்கியதும் மண்டபம் அதிர்ந்தது. அவருக்குக் கண் கலங்கிப்போயிற்று. தன் வாழ்க்கையில் இப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை என்று என் காதில் சொன்னார். கிராமத்துக்கு அவர் போகவேயில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள். “ஏனப்பா பொய் சொன்னனீங்கள்? அந்த மனுசன் எங்களை நம்பியெல்லோ நிக்கிறார். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

நான் போகவில்லை. தேர்தலன்று மத்தியானம் தொலைபேசி எடுத்து, போட்டுவிட்டாயா என்று கேட்டார். காலையிலேயே போட்டுவிட்டேன் என்றேன்.

அந்த மண்டபத்தில் இருந்த சனத்திலும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அவர் தோற்றார். போன முறை வென்ற கிராமத்தில் இந்த முறை பின்தங்கியிருந்தார்.

அலுவலகத்தைக் காலி செய்ய உதவிக்குப் போனேன். மிஞ்சிய பேனைகள் இரண்டு பெட்டி இருந்தன. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் டொச்சில் வசனம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறக்கும் முன் அவர் என் தோளில் கைவைத்தார்.

“நீங்கள் எல்லாரும் வாக்குப் போடாமல் விட்டிருந்தால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்பேன். அதுதான் எனக்கு ஆறுதல்” என்றார்.

பேனைப் பெட்டிகளைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

அவர் பழையபடி தொழிற்சாலைக்கே திரும்பி வந்தார். சாப்பாட்டுக்கூடத்தில் புது ஆட்கள் யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டு, “இவர் எனக்கு வாக்குப் போட்டவர்” என்று அறிமுகம் செய்வார். நான் தலையாட்டுவேன். எத்தனை தரம் தலையாட்டினேனோ தெரியாது.

மூன்று வருடம் கழித்து, ஒரு மாரிகாலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த வசந்தத்தில் ஊரில் போரோடு எல்லாம் முடிந்துபோனது. திரும்பிப் போவதைப் பற்றி எங்கள் வீட்டில் பிறகு ஒருவரும் பேசவில்லை. அன்ராக் நிரப்பிக் கொடுத்திருந்தவர்களுக்கு அந்த வருடம் பிரஜாவுரிமை கிடைத்தது. அவருடைய செத்தவீட்டுக்குப் போய்வந்த மறுநாளே நானும் நிரப்பிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் புரட்டாதியில் முதல் தடவையாக வாக்குப் போடப் போனேன். சட்டைப்பையில் அவர் பெயர் போட்ட பேனை இருந்தது. தடுப்புக்குப் பின்னால் கடுதாசியை விரித்து, இடப்பக்கத்தில் இருந்த தொகுதி வேட்பாளர்களின் பெயர்களை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். அவர் பெயர் இருக்காது என்று தெரியும். என்றாலும் இன்னொரு தரம் மேலிருந்து வாசித்தேன்.