இரண்டு பக்கமும் ஒன்றுபோல

அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய ஸ்கேன் அறையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ‘நேர்கோடு’ என்று பட்டப்பெயர். மேசையில் படுத்தவரின் நெற்றி நடுவே சிவப்பு விளக்கின் கோடு விழும்வரை விடமாட்டார். தலை சற்றுச் சாய்ந்தாலும் படத்தில் மூளையின் ஒரு பக்கம் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக விழும். அது அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி.

“வீட்டுக்காரர் தலையையும் இப்படித்தான் பிடிச்சுத் திருப்புவீங்களாக்கா?” என்பார் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்.

“அவரு தானாவே நேரா இருப்பாரு. பழகிட்டாரு.”

ஒருநாள் காலையில் தையல்காரர் ஒருவரை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போன மனைவி, திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தையல் மெஷின் பக்கத்திலேயே விழுந்து கிடந்தாராம். பக்கவாதமாக இருக்கும் என்று டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

மனைவி வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். பயத்தில் வரும் பேச்சு.

“கரண்டே இல்லம்மா. ஜெனரேட்டர் போட்டுத்தான் தைக்கிறோம். சத்தம் கேக்குதுன்னு பக்கத்து வீட்ல சண்ட. அதான் உள்ள வெச்சுக் கதவச் சாத்திக்கிறது.”

“ம்.” நேர்கோட்டின் கண் சிவப்புக் கோட்டில் இருந்தது.

திரையில் படம் வந்தது. மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும் பயறளவில் மங்கிய இரு நிழல்கள். கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே இடம், ஒரே அளவு. தலையை எவ்வளவு நேராக வைத்திருக்கிறோம் என்று அவருக்கு உள்ளூர ஒரு நிறைவு. டாக்டர் அவசரமாகப் பார்த்தார். ரத்தக்கசிவு இல்லை என்றதும் நோயாளியை உள்ளே கொண்டுபோனார்கள்.

“பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் பாதி நிக்குதும்மா. இங்க என்னையும் உள்ள விட மாட்டேங்குறாங்க. போய் மிச்சத்த மெஷின்ல ஓட்டிட்டு வந்துரவா?”

“போயிட்டு வாங்க. நாங்க பாத்துக்கிறோம்.”

மதியம் படங்களைப் படித்துச் சொல்லும் மூத்த டாக்டர் வந்தார். அந்தப் படத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“ரத்தக்குழாய் அடைப்புன்னா பெரும்பாலும் ஒரு பக்கந்தான் பாதிக்கும். ரெண்டு பக்கமும் இப்படி ஒண்ணுபோல இருந்தா விஷத்த நினைக்கணும். மூடின எடத்துல எஞ்சின் புகைய சுவாசிச்சிருக்காரு போல. அந்த வீட்ல வேற யாரு இருக்கா?”

யார் இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். பதிவுச் சீட்டில் இருந்த எண்ணுக்கு அவர்தான் போன் செய்தார். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. ஆம்புலன்ஸ் போனது. அவர் மேசையைத் துடைத்து, தலைதாங்கியைச் சரிசெய்து, சிவப்பு விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். ஸ்ட்ரெச்சரின் சத்தம் வராந்தாவில் கேட்டது. அவர் அறைப் பக்கம் அது திரும்பவில்லை. நேராகக் கடந்து போனது, வேகமே இல்லாமல்.

தன்மேல் குற்றம் சொல்வார்கள் என்று பல நாள் எதிர்பார்த்தார். யாரும் சொல்லவில்லை. படத்தைப் படிப்பது அவர் வேலையல்ல என்றார்கள். கேட்பது யார் வேலை என்று அவருக்கு விளங்கவில்லை. அதன்பிறகு யாரைக் கொண்டுவந்தாலும், கோட்டைப் பார்க்குமுன் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரும் கேலியை விட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து, மறுபரிசோதனைக்குத் தையல்காரரைத் தம்பி கைபிடித்து அழைத்துவந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார், நினைவுதான் நிற்கவில்லை. நேர்கோட்டுக்கு முகம் உடனே பிடிபடவில்லை. வழக்கம்போலக் கேட்டுவிட்டார்.

“வீட்ல வேற யாரு இருக்காங்கண்ணே?”

“என் வீட்டுக்காரி இருக்கா. யூனிஃபார்ம் தைச்சுக்கிட்டு இருக்கா. சீக்கிரம் அனுப்புங்க, தனியா இருப்பா.”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டார். நேர்கோடு இரண்டு கையாலும் தையல்காரர் தலையைப் பிடித்தார். சிவப்புக் கோடு கலங்கி, நெற்றியில் எங்கே விழுகிறதென்றே தெரியவில்லை.

“சீக்கிரம் அனுப்பிடறேண்ணே,” என்றார். “ஆடாம இருங்க.”