வெள்ளை பூசிய ஹெல்மெட்

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது அப்பாவின் கையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட். காலையில் அவர் வெள்ளை ஹெல்மெட்டோடு வேலைக்குப் போயிருந்தார்.

பஹ்ரைனில் ஈசா டவுனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. சைட்டில் சூப்பர்வைசருக்கு வெள்ளை, வேலையாட்களுக்கு மஞ்சள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவை பள்ளியின் நான்கு ஹவுஸ்களின் நிறங்கள்தான். அவற்றில் மஞ்சள் ஹவுஸ் எல்லா விளையாட்டு விழாவிலும் கடைசியாக வரும்.

"ஏம்ப்பா மஞ்சள்?"

"ஹவுஸ் மாத்திட்டாங்க பாப்பா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "விசா புதுப்பிக்கறப்ப சம்பளம் பாப்பாங்களே. நானும் பாப்பாவும் இங்க இருக்க முடியுமா?"

"கலாஸ், போதும். இப்ப வேணாம். டீ போடு."

மறுநாளிலிருந்து கம்பெனி பிக்கப் வண்டி வரவில்லை. அப்பா தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றார். என்னைப் போலவே அவரும் பஸ்ஸில் போகிறார் என்று எனக்குப் பெருமை. அவர் தோற்கிற ஹவுஸில் இருப்பதுதான் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். பி.டி. நாளுக்கான என் கான்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷ் முக்கால் பாட்டில் இருந்தது. வியர்வைக்காக அப்பா ஹெல்மெட்டுக்குள் வைத்திருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்து மடித்து வைத்தேன். ஹெல்மெட் முழுக்க பாலிஷை இரண்டு முறை பூசினேன். ஏ.சி.க்கு நேரே வைத்துக் காயவைத்தேன்.

நான்கு மணிக்கு அப்பா எழுந்து வந்தார். ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் சுற்றி, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"எப்படி இருக்கேன்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வெளையாடாதீங்க. நாளைக்கு இதோட போனா அந்த மஞ்சளும் போயிடும்."

அப்பா சிரித்தார். என்னிடம் சொன்னார்: "ஊர்ல சில தெருவுல உங்க தாத்தா தலத்துண்டை அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டுதான் நடக்கணும். இங்க தலையில ஒண்ணும் இல்லேன்னாதான் திட்டு விழும். மஞ்சளா இருந்தா என்ன இப்ப?"

துண்டை இடுப்பில் கட்டிய தாத்தாவை நினைத்து நானும் சிரித்தேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளை கரைந்து ஓடியது. வரிப்பள்ளங்களில் ஒட்டியிருந்ததை என் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார்.

"யல்லா, இன்னும் கொஞ்சம் ஊத்து."

"நல்லா இல்லையாப்பா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

துடைத்து முடித்த பிறகு, உள்விளிம்பில் விரலகலத்துக்கு வெள்ளை மிச்சமிருந்தது. சுட்டிக் காட்டினேன்.

"அது இருக்கட்டும். வெளிய தெரியாது" என்றார்.

ஆண்டுப் பரீட்சை முடிந்த வாரம் அம்மாவும் நானும் ஊருக்குக் கிளம்பினோம். அப்பா வேலையாட்கள் தங்கும் கம்பெனி கேம்ப்புக்கு மாறினார். லீவுக்குப் போய்விட்டு வருவதாக வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கான்வாஸ் ஷூவை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவின் கைப்பையில் இருந்தவை ஒருவழி டிக்கெட்டுகள்.