அறைக்கு எத்தனை பேர்

தொழிலாளர் குடியிருப்புக்குத் திட்டம் போட, அரசு பணம் கொடுத்துப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆய்வு நடத்தச் சொன்னது. அதற்காக ஸ்ரீபெரும்புதூரில் அறை அறையாக ஏறி இறங்கியவர் மணிமங்கலம் லூர்துராஜ்.

“ரூமுல எத்தினி பேரு?”

“இப்ப அஞ்சு பேரு, அண்ணாச்சி. நாங்க வேலைக்குப் போனதும் மத்த ஷிப்ட் முடிஞ்ச பிள்ளைக அஞ்சு பேரு இதே பாயில வந்து படுப்பாவ,” என்றாள் தென்காசி முத்துச்செல்வி.

படிவத்தில் இருந்ததோ ஒரே கட்டம். ஆய்வை நடத்திய பேராசிரியரிடம் கேட்டார். நேரில் பார்த்தவர்களை எழுதினால் போதுமாம். ஐந்து என்று எழுதித் தொலைத்தார்.

அறைக்கு ஐவர், நெரிசல் இல்லை என்றது அறிக்கை. திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

மறு ஆண்டு இன்னொரு ஆய்வு. அதே படிவம், அதே கதவு. வேலைக்குக் கிளம்பி நின்ற முத்துச்செல்வி அவரை முந்திக்கொண்டாள்.

“அஞ்சுன்னே எழுதிக்கிடுங்க, அண்ணாச்சி. மெல்லப் பேசுங்க, உள்ள பிள்ளைக தூங்குதாவ.”