ஐந்து மெய், ஐந்து பொய்

ஆசிரியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டவுட்டு மேடம். காதில் விழுந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பதினொரு வருடம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியவள் அவள். உயிரோடு இருந்த மனிதருக்கு அச்சுக்குப் போகவிருந்த இரங்கல் செய்தியை, அவர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டு நிறுத்தியவள். பத்திரிகையை மூடிய பிறகு கல்வி அலுவலகத்தில் இந்த வேலை கிடைத்தது. கைக்கு வரும் செய்தி மெய்யா பொய்யா என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும்படி சொல்லிக்கொடுக்க, பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும் சேதி! பயிற்சிக்கு வந்து உட்காரும் நாற்பது பேரில் பத்துப் பேர் விடைத்தாள் திருத்துவார்கள். ஒருவர், போன மாதமே இந்தப் பயிற்சி முடிந்துவிட்டதே என்பார். அது தீயணைப்புப் பயிற்சி. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், போதாக்குறைக்கு அலுவலகத்திலிருந்து நாளுக்கொரு படிவம். பாவம், அவர்களும் எதைத்தான் பார்ப்பார்கள்?

அதனால் அவள் வேலையைச் சுருக்கி ஒரே தாளில் அடக்கியிருந்தாள். பத்துச் செய்திகள், ஐந்து மெய், ஐந்து பொய், கலந்து கட்டி. யார் சொன்னது, எங்கே கேட்டால் தெரியும் என்று பிள்ளைகள் விசாரித்துப் பிரிக்க வேண்டும். "அந்த அஞ்சு மெய்யில மட்டும் கை வெச்சுடாதீங்க. எல்லாம் பொய்னு பழகின பிள்ளை, நாளைக்கு நெசமாவே ஆபத்துன்னு சொன்னாலும் கேக்காது" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாள். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள்.

அவளுடைய அக்கா மகள் எட்டாம் வகுப்புப் படிக்கும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை கெட்டிக்காரி, உழைப்பாளி. அவர்தான் அந்த ஐந்தையும் தூக்கினார். கலந்து கொடுத்தால் பிள்ளைகள் குழம்புகிறார்கள், மதிப்பெண் போய்விடுகிறது என்று, பொய்ச் செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, விடையையும் பலகையில் எழுதிப்போட்டார். பகிரப்பட்டு வரும் செய்தி பொய்யானது, அதை நம்பக் கூடாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். தேர்வும் அந்தத் தாளை வைத்தே நடந்தது. அக்கா மகள் உட்பட வகுப்பு முழுக்க முழு மதிப்பெண். பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் போனது.

விடைத்தாள்கள் கைக்கு வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. நாற்பத்தாறு தாளிலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் கால்புள்ளி. பிழை திருத்திய கண் இதைத் தப்பவிடுமா? பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் ஆசிரியையைக் கேட்டாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"வருஷக் கடைசியில எங்கிட்ட ரேங்க்கைத்தான் கேப்பாங்க மேடம். சந்தேகத்தையா கேப்பாங்க?"

அதிகாரியிடம் போனாள். முழு மதிப்பெண் வாங்கிய பள்ளியைக் குறை சொன்னால் எப்படியம்மா என்று அவர் சிரித்தார். ஒருவழியாக வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேச அரை மணி நேரம் கொடுத்தார். அதற்காக மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து, நாற்பத்தாறு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அறிக்கை தயார் செய்தாள். கூட்டத்தில் தொண்டை வற்றக் கத்தினாள். கடைசியில் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்ற ஒரு சொல். செவிடன் காதில் ஊதிய சங்கு! எரிச்சலோடு வெளியே வந்து போனை எடுத்தால், அக்கா எட்டு முறை அழைத்திருந்தாள்.

மருத்துவமனைக் கட்டிலில் அக்கா மகள் துவண்டு கிடந்தாள். இரவெல்லாம் வாந்தியும் பேதியும். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீரால் வந்தது என்று நர்ஸ் சொன்னாள். குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது, குடிக்காதீர்கள் என்று குடிநீர் அலுவலகம் புதன்கிழமையே அறிவித்திருக்கிறது. அது அக்காவின் போனுக்கு யார் யாரோ அனுப்பி வந்து சேர்ந்திருக்கிறது. மகள் பார்த்துவிட்டு, அனுப்பி வருவது பொய், நம்பக் கூடாது என்று பாடத்தை ஒப்பித்துவிட்டு, இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

கேட்டவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வராந்தாவில் நின்று அந்த ஆசிரியையை, அதிகாரியை, தலையாட்டிய அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

"அவ பொய்னு சொன்னாலும் எனக்கு மனசு கேக்கலடி" என்றாள் அக்கா. "அதான் அப்பவே உனக்கு அனுப்பிக் கேட்டேன். நீ ஒண்ணுமே சொல்லல. நெசமா இருந்தா நீ பதறிப்போய்ப் போன் பண்ணியிருப்பேன்னு விட்டுட்டேன்."

அவள் போனைத் திறந்து பார்த்தாள். புதன்கிழமை, காலை ஏழு பத்து. அறிக்கைக்கு விடைத்தாள்களை ஒட்டிக்கொண்டிருந்த நேரம். அறிவிப்பில் அலுவலகத்தின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, விசாரிக்க ஒரு எண்ணும் இருந்தது. அதன் கீழே அக்கா கேட்டிருந்தாள், இது நெசமா என்று. அந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.