அக்கா கும்பிட்ட பல்பு

1955 ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த சமயம், அஞ்சுகிராமத்திலிருந்து குலசேகரம் போனேன். ரப்பர் தோட்டம் பார்க்க அல்ல. கண்பார்வை போய்விட்ட என் அக்காவை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான்.

காலை ஏழு மணி வண்டியில் நாகர்கோவில். பத்து மைல், நாலணா. அங்கிருந்து குலசேகரம் இருபது மைல், ஒன்பதணா. தக்கலையில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர், "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று முனகினார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இறங்கி நடந்து போவும் வே, ஆரு வே உம்மைப் பிடிச்சு வச்சிருக்கா?" என்றார். இந்தப் பாதையில் முதன்முதலில் பஸ் ஓடியபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய கூட்டம்தான் இது.

அக்கா தன் மகன் வீட்டில் இருக்கிறாள், கடைத்தெருவுக்குப் பின்னால். மூன்று வருஷம் முன்பு அந்தத் தெருவுக்குக் கரண்டு வந்த சாயங்காலம் நானும் இருந்தேன். அந்தி விளக்கேற்றினால் கும்பிடுவது நம் வழக்கம்தானே. பல்பு எரிந்ததும் மொத்தத் தெருவும் கைகூப்பியது. ஒருவர் சூடம்கூடக் கொளுத்திக் காட்டினார். அக்காவுக்கு அப்போது பார்வை இருந்தது. உலை வைக்க மறந்து பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது பல்பு எரிந்தால் ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எரியாவிட்டால் மட்டும் வசவு. எது கைக்கு வந்தாலும் மறுநாளே அது நமக்கு வரவேண்டிய பாக்கி என்று ஆகிவிடுகிறது. என்ன ஜென்மமோ நாம்.

நான் போய்ச் சேர்ந்த அன்று அந்தியில் அக்காவின் மருமகள் சுவிட்சைத் தட்டினாள். கரண்டு இல்லை. "நாசமாப் போறவனுவ" என்று அவள் தொடங்குவதற்குள், கட்டிலில் இருந்த அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு பல்பு தொங்கும் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். சுவிட்ச் சத்தத்தை வைத்துத்தான் அவளுக்கு வெளிச்சம்.

மகன் சிரித்துவிட்டான். "கரண்டே இல்லம்மா. நீ இருட்டையாக்கும் கும்பிட்டுட்டு இருக்க."

அவன் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அக்கா கைகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிளம்புக்கா, காலையில முதல் வண்டிக்கே போயிருவோம்" என்றேன்.

"ஒன் வீட்டுல கரண்டு உண்டா மக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரல்லக்கா."

"அப்பம் நான் இஞ்சயே இருந்துக்கிடுதேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. தனியாகத்தான் திரும்பினேன்.

குலசேகரம் போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள். ஆனி ஆடியில் மழை சொல்லிக்கொண்டு வராது. ஐந்து மணிக்குப் பிறகு நாகர்கோவில் வண்டியை நம்ப வேண்டாம். டார்ச் விளக்கு ஒன்றும் இருக்கட்டும். கடைத்தெருவுக்குப் பின்னால், கண் தெரியாத ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் மழைக்கு ஒதுங்க நேர்ந்தால், கரண்டு வந்தது நிச்சயமாகத் தெரியாமல் சுவிட்சைத் தட்டாதீர்கள்.