பாதி ஓட்டு

பதினோரு வயதில் நான் அதிகம் வெறுத்தது இங்கிலாந்தில் உள்ள ஒரு மாவட்டத்தை. அதன் பெயர் பெட்ஃபோர்ட்ஷயர். நான் அங்கே போனதில்லை. அப்பாவும் போனதில்லை. ஆனால் அதன் வரைபடம் ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஒற்றை அறை வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. காலையில் யூனிஃபார்ம் எடுக்கக் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

வரைந்தது அப்பா. அவர் ஷார்ஜாவில் ஏசி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு தொகுதிகளையும் பிரித்து வரைந்து, என் கலர் பென்சில்களை எடுத்து வண்ணம் தீட்டியிருந்தார். நான்கு தொகுதி நீலம், லூட்டனில் இருக்கும் இரண்டும் சிவப்பு. எந்தத் தொகுதி எந்தக் கட்சி கையில் இருக்கிறது என்பதற்கான வண்ணம் அது. நீலப் பென்சில் அடிவரை தேய்ந்துபோனது. பள்ளிக்கூடத்தில் கடல் வரையச் சொன்னபோது நான் பச்சைக் கடல் வரைந்தேன். டீச்சர் காரணம் கேட்டார். எங்கள் அப்பா கடலை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார் என்றேன். முட்டிபோட வைத்தார்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் பெரியப்பா. அப்பாவின் ஒரே அண்ணன். படிக்கப் போகிறேன் என்று இங்கிலாந்து போய், பெட்ஃபோர்ட் ஊரில் பார்சல் கிடங்கு வேலையிலேயே தங்கிவிட்டவர். போன கொஞ்ச நாளிலேயே அவர் பெயருக்கு ஓட்டுப் போடச் சொல்லி ஒரு அட்டை வந்தது. அந்த ஊர் பாஸ்போர்ட் கிடையாது, விசாதான் இருந்தது. இலங்கைக்காரனாக இருந்தாலே போதும், அங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டாம்.

அப்பாவால் அதை நம்ப முடியவில்லை. எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். இந்தியாவிலிருந்து எங்களை அந்த மலைக்குக் கொண்டுபோய் விட்டவன் வெள்ளைக்காரன். அவன் போனதும் நம் நாட்டு அரசாங்கமே தாத்தாவின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டது. அப்பாவுக்குக் குடியுரிமைக் காகிதம் வந்து சேர்ந்தபோது அவர் வளர்ந்த ஆள். அடுத்த தேர்தல் வருவதற்குள் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இலங்கையில் ஓட்டு இல்லை. இங்கே பிழைக்க வந்த யாருக்குமே இல்லை. ஆக, அப்பா தன் வாழ்நாளில் ஒரு ஓட்டும் போட்டதில்லை. அவருடைய அண்ணனுக்கோ வெள்ளைக்காரன் ஊரில் கேட்காமலே கிடைத்தது.

யாருக்குப் போடுவது என்று பெரியப்பா போனில் சிரித்துக்கொண்டே கேட்டாராம். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று அப்பா சொன்னாராம். அப்படியென்றால் பாதி ஓட்டு உன்னுடையது தம்பி என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அப்பா எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை.

படித்தார். டியூட்டி முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெட்ஃபோர்ட் என்ற தொகுதியே எண்பத்து மூன்றில் காணாமல் போய், தொண்ணூற்றேழில் திரும்ப வந்தது என்று சோறு பிசைந்துகொண்டே சொல்வார். மிட் பெட்ஃபோர்ட்ஷயரைப் பற்றி, அது நீலப் பாறை, அதை அசைக்க முடியாது என்பார். பெட்ஃபோர்ட் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும் தொகுதி, அங்கே ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு என்பார். தேர்தல் நெருங்கினால் வாராவாரம் பெரியப்பாவைக் கூப்பிட்டு, யாருக்குப் போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்று விளக்குவார். என் வகுப்பு என்ன, டீச்சர் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நான் கணக்கில் முதல் மார்க் வாங்கி வந்த நாளில் அவர் இரண்டாயிரத்துப் பத்தில் பெட்ஃபோர்ட் ஏன் நீலமானது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கேட்க ஆசைப்பட்டவள் நான்தான், ஆனால் என்னிடம் சொல்லவில்லை.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, நோன்பு மாதத்தில், அந்தத் தேர்தல் வந்தது. பெட்ஃபோர்ட் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. வித்தியாசம் எண்ணூறு ஓட்டுக்கும் குறைவு. காலையிலேயே பெரியப்பாவைக் கூப்பிட்டார். போட்டாச்சு தம்பி, நீ சொன்ன ஆளுக்கே போட்டாச்சு என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்பா சிவப்புத் தாள் வெட்டி நீலத்தின் மேல் ஒட்டினார். மூன்றுக்கு மூன்று. மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு லட்டு வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார், லட்டுப் பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. கிடங்கின் பாகிஸ்தானி டிரைவர், இலங்கையில் எலெக்‌ஷனா பாய் என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை, பெட்ஃபோர்டில், நானும் அண்ணனும் ஜெயிச்சோம் என்றார் அப்பா. டிரைவருக்கு லூட்டனில் சித்தப்பா மகன் இருந்தான். அந்த உரிமையில் இன்னொரு லட்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பெரியப்பா குடும்பம் ஊருக்குப் போகும் வழியில் நான்கு நாள் எங்களோடு தங்க வந்தது. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகள். என்னைவிட அவள் ஐந்து மாதம்தான் மூத்தவள். அந்த ஐந்து மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். எனக்குத் தரை. இதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. இன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு தாண்டி, சொந்த ஓட்டும் வந்துவிட்டது. நான் துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் விசா விண்ணப்பங்களை நிரப்புகிறேன். எனக்கு எந்த நாட்டிலும் ஓட்டு இல்லை. அவளைப் பார்த்தால் இப்போதும் எரிகிறது. வளர்ந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

அவளுக்காக அப்பா லீவு போட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போடாத மனிதர். துபாய் மெட்ரோவில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் ஆற்றுப் பாலம் எப்படி இருக்கும், உங்கள் எம்.பி.யை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேள்வியாகக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோளைக் குலுக்கினாள். அவருக்கு அதுவும் அழகாகத் தெரிந்தது. பின் சீட்டில் இருந்த எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வெளியே கால் வைக்க முடியாத வெயில். பெரியவர்கள் தூங்க, நாங்கள் இருவரும் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். வரைபடத்தைப் பார்த்து இது என்ன என்றாள். உன் ஊர்தான், ஜூன் மாதம் சிவப்பானது என்றேன். ஓ, அந்த நாளா என்று அவள் முகம் மலர்ந்தது. தேர்தலன்று அவள் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அதனால் லீவு. பெரியப்பா காலையிலேயே காரில் ஏற்றிக்கொண்டு, கார் பக்கத்தில் சிங்கம் நடந்துபோகும் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு குரங்கு கார் வைப்பரைப் பிடுங்கியதாம். இருட்டித்தான் வீடு வந்தார்களாம், வந்ததும் அவர் படுத்துவிட்டாராம்.

அப்படியென்றால் ஓட்டு எப்போது போட்டார் என்று கேட்டேன்.

அவர் எப்போதுமே போட மாட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள், மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போல. அந்த அட்டையின் பின்பக்கம் அவள் அம்மா கடைச் சாமான் பட்டியல் எழுதுவாராம்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய்யில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம். அதை இரண்டு நாள் வாய்க்குள் மிட்டாய் மாதிரி ஒதுக்கி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கராமாவில் ஒரு ஓட்டலில் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. அண்ணனைக் காட்ட வேண்டும் என்று அப்பா அந்த டிரைவரையும் அழைத்திருந்தார். இங்கிலாந்தில் ஓட்டு எப்படிப் போடுவார்கள் என்று டிரைவர் கேட்டார். பெரியப்பாவுக்கு ஹிந்தி தெரியாது. அவர் தமிழில் சொல்ல, அப்பா ஹிந்தியில் சொன்னார். நல்ல மழையாம். அரை மணி நேரம் வரிசையாம். உள்ளே நூலில் கட்டின பென்சிலாம், அதால் பெருக்கல் குறி போட வேண்டுமாம். பெரியப்பா ஒரு வரி சொன்னால் அப்பா இரண்டு வரி சொன்னார். மழையில் நனைந்தது தான்தான் என்பதைப் போலச் சட்டைத் தோளைத் துடைத்துக் காட்டினார். பிறகு, இவளும் கூடப் போயிருப்பாள் என்று சொல்லி, தன் தட்டிலிருந்த வறுத்த மீனை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.

அந்த மீன்தான். அது என் தட்டுக்கு வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"பெரியப்பா பொய் சொல்றாங்க," என்றேன். "அன்னைக்கு அவங்க சிங்கம் பார்க்கப் போனாங்க. ஓட்டே போடல. எப்பவுமே போட்டதில்ல. இவதான் சொன்னா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா அவள் தொடையைக் கிள்ளியது மேசைக்கு அடியில் எனக்குத் தெரிந்தது. பெரியப்பா சிரித்தார்.

"அட, ஒரு ஓட்டுல என்னா தம்பி இருக்கு? எப்படியும் நம்ம ஆளுதானே ஜெயிச்சான்."

அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜெயிச்சது சரிண்ணே. என் பாதிய என்னா செஞ்சீங்க?"

பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் அவர் வாய் அப்படியே நின்றது. என்ன சொல்கிறார் என்று டிரைவர் கேட்டார்.

"குச் நஹீ பாய். கானா காவோ," என்றார் அப்பா.

ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள். டிரைவரும் சாப்பிட்டார். கை கழுவி வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, முபாரக் என்று வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கு அது பரிசு மாதிரி இருந்தது. மறுநாள் விமான நிலையத்தில் அப்பாதான் அவர்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார். பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்தார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்து என்னவோ சொன்னார். அப்பா, சரிண்ணே சரிண்ணே என்று தலையாட்டினார்.

அந்த வாரமே அலமாரிக் கதவிலிருந்து பெட்ஃபோர்ட்ஷயர் போய்விட்டது. நான்கு மூலையிலும் டேப் தடம் மட்டும் இருந்தது. நான் அந்த இடத்தில் என் கணக்குச் சான்றிதழை ஒட்டினேன். அப்பா பார்த்தார். நல்லா இருக்கு புள்ள என்றார். அதற்குப் பிறகு என் வகுப்பு என்ன, டீச்சர் யார் என்று கேட்டார். வாய்ப்பாடுகூடக் கேட்டார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு டிசம்பர் மாலை, அப்பாவின் போன் அடித்தது. வீடியோ கால். பெரியப்பா குளிர் தொப்பி போட்டு ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. போனைத் திருப்பி, பின்னால் இருந்த ஓட்டுச்சாவடிப் பலகையைக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி நாயைப் பிடித்துக்கொண்டு அவர் நகர்வதற்குக் காத்திருந்தாள்.

"தம்பி, வாசல்லதான் நிக்கிறேன். வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன். சொல்லு, யாருக்கு?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்து யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"உங்களுக்குப் புடிச்ச ஆளுக்குப் போடுங்கண்ணே."

"அப்ப உன் பாதி?"

"நீங்களே முழுசா வச்சுக்குங்க," என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். வெளியே குளிரா, ஸ்வெட்டர் போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். பிறகு வைத்துவிட்டார்.

அந்த முறை பெட்ஃபோர்டில் ஜெயித்தவன் நூற்று நாற்பத்தைந்து ஓட்டில் ஜெயித்தான். அதைத் தேடிப் பார்த்தது நான். அப்பாவிடம் சொன்னேன். அப்படியா என்றார்.

பெரியப்பாவுக்கு நல்ல அடி என்று நினைத்தேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டே, வாசல்வரை வந்தவரை வெறுங்கையோடு உள்ளே அனுப்பிவிட்டாரே என்று எனக்கு அப்பாமேல் பெருமை. அப்பா கடைசியில் என் பக்கம் வந்துவிட்டார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.