அம்மா கழுவிய பனி

நத்தாருக்குப் பனி விழுவது லண்டனில் கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டைகளில் மட்டும் நடக்கிற காரியம். எனக்குத் தெரிந்து ஒவ்வொரு நத்தாருக்கும் மழைதான். எனக்கு எட்டு வயதான வருடம் மட்டும் உண்மையாகவே விழுந்தது. முதல்நாள் பின்னேரம் தொடங்கியது, நான் படுக்கப் போகும்போது எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலில் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது.

எங்கள் வீட்டில் நத்தார் மரம் கிடையாது, பரிசும் கிடையாது. பனி மட்டும்தான் நாங்கள் சைவமா கிறிஸ்தவ வேதமா என்று விசாரிக்காமல் எங்கள் வாசலிலும் விழுந்தது. விடிந்ததும் அதில் ஒரு பனிமனிதன் செய்வதென்று, மூக்குக்கு ஒரு கரட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் யன்னலால் பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை, எங்கள் வாசலில் மட்டும் சீமெந்து. அம்மா விளக்குமாறோடு நின்றார். கூட்டித் தெருவுக்குத் தள்ளியது போதாதென்று, கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவியும் விட்டிருந்தார்.

"நல்லநாள் பெருநாளிலை வாசல் குப்பையாக் கிடக்கலாமே?" என்றார். யாருடைய சாமியின் நாளாக இருந்தாலும் அம்மாவுக்கு வாசல் கழுவியாக வேண்டும்.

குப்பையாம். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. கரட்டை அவர்மேல் எறிந்தேன். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய ஆங்கிலக் கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் சொன்னேன். வாசலைத் தாண்டி விளையாடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே எனக்கென்று இருந்த பனி அவ்வளவுதான்.

அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். நத்தாரன்று பஸ் ஓடாது. இரவு ஷிப்ட் முடிந்து ஒன்றரை மணித்தியாலம் பனியில் நடந்தே வந்தார். வழியெல்லாம் விழாத மனுசன் எங்கள் வாசலில் விழுந்தார். அம்மா ஊற்றிய தண்ணீர் கட்டிபட்டுக் கண்ணாடியாகக் கிடந்தது. அப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. யன்னலில் நின்ற எனக்கு அழுகை வரவில்லை. அம்மாவுக்கு நல்லா வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அப்பாவின் அக்கா, சட்டனில் இருக்கிற மாமி, கை பார்க்க வந்தார். அம்மாவில் குறை பிடிக்காமல் தேத்தண்ணீர் குடித்தறியாதவர்.

"பஸ் ஸ்டொப்படியிலை சறுக்கிப்போட்டுது அக்கா," என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா பொய் சொல்லுறார். அம்மாதான் வாசலிலை சுடுதண்ணி ஊத்தினவ. அதிலைதான் விழுந்தவர்."

"ஸ்நோவைக் கழுவினவளோ?" மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன் நான் கண்டதில்லை. பொய் சொன்னவர் அவர், முறைப்பு எனக்கா என்று ஆத்திரம் இரண்டு மடங்கானது.

அந்தக் கிழமை முழுக்கச் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களோடு மறுபடி மறுபடி வந்த மாமி என்னைக் கூப்பிட்டு விடுவார், நான் அம்மா கேத்தலோடு ஓடியதை நடித்துக் காட்டுவேன். வீடே சிரிக்கும். பலகாரத் தட்டோடு நின்று அம்மாவும் சிரிப்பார். இவ்வளவு சொல்லியும் இவருக்கு ஒன்றும் நோகவில்லையே என்று எனக்கு எரியும். அதனால் அடுத்தவர் வந்தபோது இன்னும் உரக்கச் சொன்னேன்.